முடிவாகாத கோடுகள்

தமயந்தி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அவளுக்கு அலுப்பு வந்துவிடும். வேலையின் மேல் வந்த அலுப்பு இல்லை. பதில் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் முகத்தில் ஒரு பொறுமையான சிரிப்பு வந்துவிடுமே, அதைப் பார்த்துப் பார்த்து வந்த அலுப்பு.

கல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் ஹோமியோபதி டாக்டர் வீட்டு மாடியில்தான் அவளுடைய கம்பெனி. நாலைந்து மேஜைகள், கம்ப்யூட்டர்கள், ஸ்பிரிங் உள்ளே போன ஒரு சோபா. கீழே டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் வழி தவறி மாடிக்கு ஏறி வந்து, "டாக்டர் தீதி, மூணு நாளா வயிறு சரியில்லை" என்று வங்காளியில் ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்கு வழி காட்டுவதும் அவள் வேலைதான்.

கணவன் சிவராஜ் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் இருக்கிறான். அவனுடைய அலுவலகத் தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்குக் கூடும்போது யாராவது ஒரு அம்மாள் கேட்பாள். தமயந்தி சொல்வாள்: "ஒரு சாமான் செய்யணும்னா, அதை வரையதுக்கு முன்னால நாலு பேர் உக்காந்து எப்படி இருக்கலாம்னு பேசுவாங்கள்லா? அந்தப் பேச்சுக்குக் கம்ப்யூட்டர் எப்படி ஒத்தாசை பண்ணும்னு பாக்கது."

"பேசதுக்குமா கம்ப்யூட்டர்?" என்பாள் அந்த அம்மாள். அதோடு அந்தப் பேச்சு சர்க்கரைப் பொங்கலுக்குப் போய்விடும்.

அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அப்பா வேலாயுதம் அம்பாசமுத்திரத்திலிருந்து துறைமுகத்தில் குமாஸ்தாவாக வந்தவர். கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில்தான் அவள் பிறந்தாள். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், படி இறங்கினால் வங்காளி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். தெருவில் எல்லோரும் அவளைத் 'தொமொயொந்தி' என்று கூப்பிட்டார்கள். அப்பா ஓய்வு பெற்று ஊருக்குப் போனபோது, ஜாதவ்பூரில் மெக்கானிக்கல் படித்து முடித்திருந்த மகள், "எனக்கு இங்கயே வேலை கிடைச்சிருக்குப்பா" என்றாள். அம்மா அழுதாள். அப்பா பெட்டியைக் கட்டினார்.

அந்த முதல் வேலை, மின்விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலையின் டிசைன் பிரிவில். அங்கே நடந்த ஒரு சங்கதிதான் அவளுடைய மிச்ச வாழ்க்கைக்கு வழி போட்டது.

அந்தப் பிரிவில் எல்லோரும் பென்சிலால் வரைந்துகொண்டிருந்த காலம். புது மாடல் பற்றிப் பேச உட்கார்ந்தால் கூட்டம் சந்தைக்கடையாக இருக்கும். விற்பனை மேலாளர் சிவப்புப் பேனாவை எடுத்து வரைபடத்தின் மேலேயே கிறுக்குவார். வார்ப்படப் பிரிவுக்காரர் அதை அழிப்பார். டீ கொட்டும். யாராவது கோபித்துக்கொண்டு எழுந்து போவார்கள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரைத் தமயந்தியிடம் கொடுத்தார்கள், இளவயதுப் பெண், கற்றுக்கொள்வாள் என்று. அவளும் ஆசையாக உட்கார்ந்து ஒரு மேஜை விசிறியை அதில் வரைந்தாள். நிழல் விழுந்து, உலோகம் மினுங்கி, கடையில் இருப்பதைப் போலவே வந்தது. கூட்டத்தில் அதைக் காட்டியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. விற்பனை மேலாளர் காகிதத்தின் ஓரத்தை விரலால் தடவி, "பா! கூப் ஷுந்தோர்!" என்றார், ரொம்ப அழகு என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு டீ கொட்டவில்லை.

அந்த விசிறி வேகமாகச் சுற்றினால் மேஜையில் நடக்க ஆரம்பித்தது. அடிப்பாகம் சின்னது. கடைகளிலிருந்து திரும்பி வந்து குவிந்தபோது விற்பனை மேலாளர் கத்தினார், "அடி சின்னதா இருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்!"

"அப்போ ஏன் சொல்லலை?" என்று கேட்டாள் தமயந்தி.

அவர் கோபம் இறங்கிப்போய், "நீ எல்லாம் வரைஞ்சு முடிச்சிட்டியேம்மா" என்றார்.

அந்தப் பதிலை அவளால் விடவே முடியவில்லை. பென்சில் கோட்டில் ஒரு தயக்கம் இருக்கிறது; இங்கேயோ இல்லை கொஞ்சம் தள்ளியோ என்று அது கேட்கிறது. அதனால் பார்க்கிறவனும் பேசுகிறான். கம்ப்யூட்டரின் கோட்டில் தயக்கமே கிடையாது. ஒன்றும் முடிவாகாத நேரத்தில்கூட முடிவானதைப் போல நிற்கும். அளவைச் சொல், ஆரத்தைச் சொல் என்று எடுத்தவுடன் கேட்கும். ஒரு சாமான் பிறக்கும்போது இருக்கவேண்டிய குழப்பத்துக்கு அதில் இடமில்லை. அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கிற ஒரு புரோகிராம் எழுத முடியாதா?

அதே அலுவலகத்தில் கணக்கில் கெட்டிக்காரரான நீலாஞ்சன் என்று ஒருவர் இருந்தார். அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவரிடம் சொன்னாள். அவர் மட்டும்தான் சிரிக்கவில்லை. சில வருஷம் கழித்து இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு அந்த ஹோமியோபதி மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். புரோகிராமுக்குக் 'கொஷ்ரா' என்று பெயர் வைத்தார்கள். வங்காளியில் முதல் வரைவுக்கு, கரடாக எழுதிப் பார்ப்பதற்கு அதுதான் வார்த்தை.

கொஷ்ராவில் கம்ப்யூட்டரோடு சேர்ந்த பலகையின் மேல் பேனாவால் கிறுக்கினால் போதும். கிறுக்கலை அது ஒரு உருவமாக்கி எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டும். ஆனால் கோட்டை நேராக்காது. முடிவாகாத இடத்தில் கோடு தடித்து, மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு பேருக்குள் ஒத்துவராவிட்டால் இரண்டு பேர் சொன்னதையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்டும். "இது இவ்வளவு" என்று யாராவது சொல்லி, மற்றவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த ஒரு கோடு மட்டும் அடங்கி நிற்கும்.

நல்ல யோசனைதான். விற்கவில்லை. ஊர் ஊராகப் போய்க் காட்டினாள். ஜாம்ஷெட்பூரில் ஒரு பெரிய கம்பெனியின் இன்ஜினியர் ரொம்ப நேரம் திரையையே பார்த்துவிட்டு, "மேடம், படம் ஏன் நடுங்குது? உங்க கிராஃபிக்ஸ் கார்டுல ஏதோ கோளாறு" என்றார். வேறு ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைசி வரைபடம் போடும் புரோகிராமுக்குக் கம்பெனிகள் கேட்டதைக் கொடுத்தன. அதற்கு முன்னால் நடக்கும் குழப்பத்துக்கு ஏன் கொடுக்கவேண்டும்? குழப்பம் தன்னால் வருகிறதே.

விடாமல் வைத்திருந்தவர்களில் ஹவுரா தாஸ்நகரில் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் செய்யும் ஹால்தார் ஒருவர். அவருக்குச் சண்டை போடப் பிடிக்கும். நடுங்கும் கோட்டைப் பார்த்தால் அவருக்குக் கை ஊறும். மற்றபடி வெளியார் கம்பெனிகளுக்குச் சில்லறையாகப் படம் வரைந்துகொடுத்துத்தான் மாடி நடந்தது.

இப்படியே வருஷங்கள் ஓடின. தமயந்திக்கு முழங்கால் வலி வந்தது. இரவில் உடம்பு திடீரென்று கொதித்து, வியர்த்து, தூக்கம் கலைகிற வயது வந்தது. மகள் சுபிக்ஷா படித்து முடித்து பெங்களூருக்குப் போனாள். காலையில் சமையல், பிறகு மாடி, சாயங்காலம் மறுபடி சமையல். நாற்காலியிலிருந்து எழும்போது "அப்பாடா" என்று சொல்லி எழுகிறோம் என்பதை ஒருநாள் கவனித்தாள். உட்காரும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் படம் போடும் யந்திர மூளை வந்து சேர்ந்தது. 'குளியலறை நாற்காலி, வெள்ளை நிறம், ஆஸ்பத்திரிக்கு' என்று தட்டினால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் பத்துப் படங்கள். ஒவ்வொன்றும் போட்டோவைப் போல. தரையில் நாற்காலியின் நிழல்கூட விழுந்திருக்கும்.

நீலாஞ்சன் ஒருநாள் மதியம் சோபாவில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் ரத்த அழுத்தம், மாத்திரை. மகன் வெளிநாட்டில்.

"தொமொயொந்தி, பெங்களூர்ல ஒரு கம்பெனிக்காரங்க கொஷ்ராவை வாங்கிக்கிறேங்கிறாங்க. ஆனா அதுக்குள்ள இந்தப் படம் போடறது இருக்கணும்."

"வச்சா போச்சு, நீலாஞ்சன்தா" என்றாள். அண்ணன் முறையில் வைக்கிறவர்களை வங்காளிகள் 'தா' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"நடுங்கற கோடு வேண்டாமாம்."

கீழே டாக்டர் யாரிடமோ நாக்கை நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீ சண்டை போடுவேன்னு நெனச்சேன்" என்றார் நீலாஞ்சன்.

"பத்து வருஷத்துக்கு முன்னால கேட்டிருந்தீங்கன்னா போட்டிருப்பேன்" என்றாள்.

அவளே உட்கார்ந்து அதைச் செய்தாள். வேறு யாருக்கும் அந்தப் பகுதி தெரியாது. கோடுகளை நடுங்கவைக்கும் இடத்தை ஒதுக்கிவிட்டு, அங்கே புதிய படங்கள் வந்து நிற்கும்படி மாற்றினாள். கஷ்டமான வேலை இல்லை. வருத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

புது கொஷ்ராவை முதலில் ஹால்தாரிடம்தான் கொண்டுபோனார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரி அவரிடம் குளியலறை நாற்காலி கேட்டிருந்தது. நடக்க முடியாத நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி, கழிப்பறைக்கும் குளிக்கவும் தள்ளிப்போகிற சக்கர நாற்காலி. ஆஸ்பத்திரி சார்பில் வார்டு சிஸ்டர் மஹிமா வந்திருந்தாள். நாகர்கோவில்காரி, கல்கத்தாவுக்கு வந்து ரொம்ப வருஷம். தமிழ்க் குரலைக் கேட்டதும் நாற்காலியைத் தமயந்தி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தமயந்தி வேண்டியதைத் தட்டினாள். படங்கள் வந்தன. அவற்றில் ஒன்றைப் பார்த்ததும் அறையே அமைதியானது. முத்து வெள்ளையில், முதுகிலிருந்து கைப்பிடி வரை ஒரே வளைவாக வழிந்து இறங்கும் நாற்காலி. நீரில் மிதக்கும் பறவையைப் போல இருந்தது.

"எவ்வளவு அழகா இருக்கு, அக்கா!" என்றாள் மஹிமா.

ஹால்தார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். வழக்கமாக இந்நேரம் அவர் கையில் பேனா இருக்கும். இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு, "ம்" என்றார்.

தமயந்தியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைப்பிடியைப் பார்த்தபோது மனசில் எங்கேயோ சின்னதாக ஒன்று நெருடியது. போன வருஷம் சிவராஜ் மழையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு கிடந்தான். கட்டிலையும் நாற்காலியையும் ஒட்டிப் போட்டு, நாற்காலியின் கையைக் கழற்றிவிட்டு, அவனைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தித்தான் உட்காரவைத்தாள். அந்த நினைவு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. சாயங்காலம் ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரி கூட்டமாக இருக்குமே, ராத்திரிக்கு என்ன செய்வது என்று வேறு யோசனைகள் வந்து மேலே விழுந்தன. படத்தில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, இதையெல்லாம் யோசித்திருப்பார்கள் என்று ஒரு எண்ணம். யார் யோசித்திருப்பார்கள் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கூட்டம் சீக்கிரமே முடிந்தது. நீலாஞ்சனுக்கு ஒரே சந்தோஷம்.

ஹால்தார் அச்சு செய்து, ஒரு மாதிரி நாற்காலியை உருவாக்கினார். மழைக்காலம் முடியும் தறுவாயில், புழுக்கமான ஒரு காலையில், அதை வார்டில் சோதித்துப் பார்த்தார்கள். தமயந்தியும் போயிருந்தாள். நோயாளி ஒரு வயதானவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவராம். பக்கவாதம். மெலிந்த உடம்பு. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார்கள். மஹிமாவும் ஆயாவும் இரண்டு பக்கமும் பிடித்து அவரை நகர்த்தினார்கள். நாற்காலியின் வளைந்த கை குறுக்கே நின்றது. அதற்கு மேல் அவரைத் தூக்கித்தான் தாண்டவைக்க வேண்டும். தூக்கினார்கள். ஆயாவின் பிடி நழுவியது. அவருடைய முழங்கை அந்த அழகான விளிம்பில் உரசி, தோல் பிய்ந்து ரத்தம் வந்தது.

அவர் வலியில் கத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, குழறலாக, "கிச்சு மொனே கோர்பேன் நா" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று. தன் உடம்பால் அவர்களுக்கெல்லாம் சிரமமாகிவிட்டதே என்று.

தமயந்தியால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு மஹிமா வெளியே வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படாதீங்க. அந்தக் கைப்பிடி மேல தூக்கற மாதிரி இருக்கணும்னு எனக்கு அன்னைக்கே தோணிச்சு. பின்ன, இவ்வளவு நல்லா படம் போட்டு வச்சிருக்கியளே, நான் போயி என்னத்த சொல்லன்னு விட்டுட்டேன்."

"கோவம் என்ன சிஸ்டர்" என்றாள் தமயந்தி. "எனக்கும் தோணிச்சு."

மஹிமா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குமா? நீங்கதானே அந்தப் படத்த போட்டிய?"

"நான் போடலை. அது வந்துச்சு. நானும் உங்கள மாதிரி பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

பின்னால் வந்த ஹால்தார் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். வங்காளியில் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கை தனியாகக் கழன்று வந்தால்தான் தனக்கு அச்சு செய்யவும் சுலபம் என்று அவருக்கும் அன்றைக்கே பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.

உள்ளே ஆயா நாற்காலியின் விளிம்பிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தமயந்தி அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிவராஜ் அலுவலகத்திலிருந்து வந்து விளக்கைப் போட்டான். அவனுக்கு இன்னும் லேசான நொண்டல் உண்டு.

"என்ன தமா, இருட்டுல உக்காந்திருக்க?"

நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே டீ போட்டான்.

"சரி, கைய மாத்தினா ஆச்சு. மாதிரிதானே?"

"கை இல்லைங்க விஷயம். நல்ல படத்தைக் காட்டினா ஆளுங்க வாய மூடிக்கிடுவாங்கன்னு இருபது வருஷத்துக்கு மேல ஊருக்கெல்லாம் சொன்னவ நான். அந்தப் படத்தைப் பாத்து நானும் வாய மூடிக்கிட்டேன். மத்தவங்களுக்காவது தெரியாது. எனக்குத் தெரியும்லா?"

சிவராஜ் கோப்பையை அவள் கையில் கொடுத்தான். "நீ அசந்து போயிருக்க தமா."

"எல்லாருமேதான் அசந்து போயிருக்கோம். அது மட்டுந்தான் அசராம படம் போட்டுக்கிட்டே இருக்கு."

அவளுக்கு அழுகை வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து அரிசி களைந்தாள்.

மறுநாள் மாடிக்குப் போனதும் நீலாஞ்சனிடம் சொன்னாள், இனி முதல் கூட்டத்தில் அந்தப் படங்களைக் காட்டமாட்டேன் என்று.

"வாங்கறவங்க அதுக்காகத்தானே வாங்கறாங்க?"

"அவங்க வாங்கட்டும். ஹால்தார்தாவுக்கு நான் வேற மாதிரி செஞ்சு கொடுக்கப் போறேன்."

நீலாஞ்சன் அவளை உற்றுப் பார்த்தார். தர்க்கம் செய்யும் மனநிலையில் அவரும் இல்லை. "ஹால்தாருக்கு என்ன வேணா செய்" என்றுவிட்டு மாத்திரைப் பெட்டியைத் திறந்தார்.

பழையபடியே நடுங்கும் கோட்டைத் திரும்பக் கொண்டுவரத்தான் அவள் முதலில் நினைத்தாள். ஆனால் அந்த யந்திர மூளை உதவாத சாமான் இல்லை என்றும் அவளுக்குத் தெரியும். மனுஷர்களுக்குத் தோன்றாத வடிவங்களை அது கொட்டுகிறது. தொல்லை என்னவென்றால், தனக்கு எது தெரியாது என்பதே அதற்குத் தெரியாது. 'வெள்ளைச் சக்கர நாற்காலி' என்றுதான் நாம் சொன்னோம். கை வளைந்திருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதுவாகப் போட்டுக்கொண்டது. சொன்னதையும் சொல்லாததையும் ஒரே மினுமினுப்பில் காட்டுகிறது. அப்படியென்றால் யாரும் சொல்லாத இடமெல்லாம் நடுங்கினால் என்ன?

இந்த யோசனை காய்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில் வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு ரயில்வே கேட் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இனி இதைச் செய்தாகவேண்டுமே என்ற மலைப்புதான் முதலில் வந்தது.

துர்கா பூஜை விடுமுறை முழுவதும் அவள் மாடியில் இருந்தாள். தெருவில் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பந்தல் பார்க்கப் போகிற கூட்டம் சந்து முழுக்க அடைத்துக்கொண்டு நகர்ந்தது. சிவராஜ் டிபன் கேரியரில் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு அந்த ஓட்டைச் சோபாவில் தூங்கிப்போவான். அவள் பாதி நாள் எழுதியதை மறுபாதி நாளில் அழித்தாள். மனுஷர்கள் பேசியதை ஒரு பக்கம் வைத்து, படத்தின் ஒவ்வொரு பாகத்தையும் அதோடு ஒப்பிட்டு, இதை யார் சொன்னது என்று கேட்கவைக்கவேண்டும். யாரும் சொல்லவில்லை என்றால் அந்தப் பாகத்தின் மினுமினுப்பை உரித்து, கைக்கிறுக்கலாக்கி, நடுங்கவிடவேண்டும். புத்தி பழைய வேகத்தில் ஓடவில்லை. நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, எந்த இடத்தில் விட்டோம் என்று தேடுவாள்.

ஒருவழியாக ஓடியது. முதலில் அந்தப் பறவை நாற்காலியின் படத்தையே அதற்குக் கொடுத்துப் பார்த்தாள். சக்கரங்களும் இருக்கையும் மட்டும் அசையாமல் நின்றன. மற்றதெல்லாம், கை, முதுகு, கால்பலகை, பிரேக், எல்லாம் குளிர்காய்ச்சல் கண்டதைப் போல உதறின. அவ்வளவு பெரிய அழகில் மனுஷர்கள் சொன்னது இரண்டே சங்கதிதான். தமயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோபாவில் இருந்தவன் விழித்துக்கொண்டு, "என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல, தூங்குங்க."

தீபாவளிக்கு முன்னால் தாஸ்நகரில் மறுபடி கூட்டம். இந்தத் தடவை ஆயாவையும் அழைத்து வரச் சொல்லியிருந்தாள். திரையில் நாற்காலி நடுங்கியது. ஹால்தார் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து பேனாவைப் பிடுங்கினார்.

"இந்தக் கை மேல தூக்கணும்."

"மேல தூக்கினா என் முகத்துல இடிக்கும்" என்றாள் ஆயா. "பின்னால சாயணும்."

"பின்னால சாய்ஞ்சா தள்ளறவங்களுக்கு இடைஞ்சல்" என்றாள் மஹிமா.

"அப்போ கழட்டி வச்சிரலாம்" என்றார் ஹால்தார்.

"கழட்டி வச்சா ஒரே வாரத்துல தொலைஞ்சுபோகும். எங்க வார்டுல தலகாணியே தொலையுது!" என்றாள் ஆயா.

அதற்குள் நீலாஞ்சன், கழிப்பறை வாசற்படி மேட்டில் முன் சக்கரம் ஏறுமா என்று நடுவில் புகுந்தார். அவருக்கு இதில் என்ன வேலை என்று ஹால்தார் கேட்டார். தன் அம்மாவை இரண்டு வருஷம் தள்ளியவன் தான் என்று நீலாஞ்சன் குரலை உயர்த்தினார். அவர் குரல் உயர்ந்து தமயந்தி கேட்டதே இல்லை. யாரோ ஒருவர் கை பட்டு டீ கொட்டியது. திரையில் கோடுகள் மூன்று நான்காகப் பிரிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடுங்கின. பார்க்க அசிங்கமாக இருந்தது. வெளிச்சம் இறங்கும்வரை கத்தினார்கள். கூட்டம் கலைந்தபோது ஆறேழு கோடுகள்தான் அடங்கியிருந்தன. கை அதில் ஒன்று. அது கீழே இறங்கி இருக்கைக்கு அடியில் போகும் என்று முடிவாகியிருந்தது.

பெங்களூர்க்காரர்கள் குளிர்காலத்தில் வந்தார்கள். இரண்டு இளைஞர்கள், மரியாதையானவர்கள். தமயந்தி செய்ததைக் கவனமாகப் பார்த்தார்கள். "இன்ட்ரஸ்டிங், மேம்" என்றார்கள். பிறகு அவர்களில் ஒருவன் கேட்டான், "இந்த நடுக்கத்தை ஆஃப் பண்ண முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். நீலாஞ்சன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனிடம் போய் ஒரு வருஷமாவது இருந்துவிட்டு வரவேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வது அவளுக்கு நினைவு வந்தது.

"முடியும்" என்றாள்.

வாங்கிக்கொண்டார்கள். இப்போது அது வேறு பெயரில் வருகிறது. உள்ளே எங்கேயோ, நாலு தட்டு தாண்டி, நடுக்கத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. டிக் செய்தால் வரும். டிக் செய்யாமல்தான் விற்கிறார்கள். யாராவது அதைக் கண்டுபிடித்திருக்கிறார்களா என்று தமயந்தி விசாரிக்கவில்லை. ஹால்தார் தொழிற்சாலையில் மட்டும் கொஷ்ரா என்ற பெயரிலேயே அது ஓடுகிறது. அவளும் மாதத்தில் சில நாள் அங்கே போகிறாள். மாடியை டாக்டர் மருந்து வைக்க எடுத்துக்கொண்டார்.

நாற்காலிகள் கோடை தொடங்கும் சமயத்தில் வார்டுக்குப் போயின. பார்க்க அப்படி ஒன்றும் அழகில்லை. கை கீழே இறங்குகிறது. அந்த வாத்தியார் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். நன்றாக இருக்கிறாரா என்று கேட்டாள். மஹிமாவுக்குத் தெரியவில்லை. வார்டை விட்டுப் போகிறவர்களைப் பற்றித் தகவல் வருவதில்லை என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது போன் அடித்தது. மஹிமா.

"அக்கா, தூங்கிறியளா? அந்த நாற்காலி இடது பக்கமா இழுக்கு. நேரா போக மாட்டேங்கு. பிரேக் வேற, கால வச்சு அமுக்கினா செருப்பு வழுக்குது. அப்புறம் அந்தக் கால்பலகை இருக்கே, அத யாரு யோசிச்சதுன்னு தெரியல, ஆயா உங்கள ஏசிக்கிட்டே இருக்கா…"

மஹிமா நிறுத்துவதாக இல்லை. தமயந்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நடுநடுவே, "ம், சொல்லுங்க… எந்தப் பக்கம்? ஈரத்துலயா, காய்ஞ்ச தரையிலயா?" என்று கேட்டுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றாள்.

போனை வைத்ததும் உள்ளறையிலிருந்து சிவராஜ் கேட்டான், "யாரு?"

"சிஸ்டர். நாற்காலி சரியில்லையாம்."

"ஐயையோ, திரும்பவுமா?"

"ம், இந்தத் தடவை வாயத் தொறந்து சொல்லுதாங்க" என்றாள். சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, டீ நேரம் வரைக்கும் அசையாமல் தூங்கினாள்.